அப்பாவைப் பார்த்து நின்ற பல்

லாரி ஓட்டுநரின் மகளுக்குப் பதினோராவது வயதில் முளைத்த மேல்வரிசைக் கோரைப்பல், அப்பா எந்தத் திசையில் இருக்கிறாரோ அந்தத் திசையைப் பார்த்தே நின்றது. லாரி கிழக்கே போனால் கிழக்கே, வடக்கே போனால் வடக்கே. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த அம்மா காலையில் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, "ஆ காட்டு" என்பாள். பார்த்துவிட்டு, "பாலத்துப் பக்கம் திரும்பிடுச்சு, மத்தியானம் வந்துடுவார்" என்று உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை.

பதிமூன்று வயதில்தான் தொல்லை ஆரம்பித்தது. அப்பா முதுகுப் பக்கம் இருந்தால் பல் உள்ளே திரும்பி நாக்கைக் குத்தியது. பக்கவாட்டில் இருந்தால் கன்னத்தைக் கிழித்தது. வகுப்பில் அவளுக்குச் சிங்கப்பல் என்று பெயர் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், போகப் போகச் சிரிப்பதையே விட்டுவிட்டாள். அம்மா லீவு போட்டு, தரையில் முகம் தெரியும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். "நாலு பல்லை எடுத்துட்டு க்ளிப் போட்டா ரெண்டே வருஷம்" என்றார் அங்கிருந்த டாக்டர். எப்படி வரும் என்று காட்டுவதற்காகக் கோரைப்பல்லை இடுக்கியால் பிடித்து லேசாக முன்னால் திருப்பினார். அடுத்த நிமிஷம் அம்மாவின் ஃபோன் அடித்தது. "ஸ்டீயரிங் தானா திரும்பிடுச்சு. சோளக்காட்டுக்கு நடுவுல நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பாப்பா எப்படி இருக்கா?" என்றார் அப்பா.

இரண்டு நாள் கழித்து அம்மா மறுபடி லீவு போட்டாள். ஒருத்தர் பேச்சைக் கேட்டு வாயைத் திறந்துவிடக் கூடாது என்று இன்னொரு டாக்டரிடம் போய், சோளக்காடு உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அப்போ அந்தப் பல்லையே பிடுங்கிடுவோம். பல்லே இல்லன்னா பிரச்சினையும் இல்லையே" என்றார். பல் இல்லாமல் போனால் அவள் புருஷன் எங்கே போவார் என்று அவர் சொல்லவில்லை. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினாள்.

மூன்றாவது டாக்டர் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தார். ஐம்பது வயது அம்மாள்; அவர் பல்லிலும் க்ளிப் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், "சாப்பிட முடியுதாம்மா?" என்று கேட்டார். இந்த முறை அப்பாவும் வந்திருந்தார். டாக்டர் அவரை நாற்காலியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொன்னார். பல் அவரோடு சேர்ந்து சுற்றியது. டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

"எதையும் பிடுங்க வேண்டாம். மூணு வருஷம் ஆகும். மாசம் ஒருதடவை கம்பி முறுக்குவேன். அன்னிக்கு மட்டும் இவர் லாரியில ஏறாம பாப்பாவுக்கு நேரெதிரே உக்காந்திருக்கணும்."

"அப்போ மத்தவங்க சொன்னது தப்பா டாக்டர்?" என்றாள் அம்மா.

"பல்லைப் பாத்துச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இவரைப் பாக்கல, அவ்வளவுதான்."

"வலிக்குமா?" என்று முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டாள் மகள்.

"வலிக்கும்" என்றார் டாக்டர்.

மகள் அம்மாவிடம், "இவங்களே போதும்மா" என்றாள்.

மாதத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் தங்கியறியாத அப்பா, முப்பத்தாறு தடவை முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு அந்த மாடிக்கு வந்தார். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டுவார். கம்பி முறுக்கும்போது அவள் அதை நசுக்குவாள். வலி மறக்க, தான் போய்வந்த சாலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். க்ளிப்பைக் கழற்றிய அன்று பல் வரிசையில் நின்று நேர் எதிரே பார்த்தது. அவள் கை வைக்காமல் சிரித்தாள். அப்பா கண்ணில் தூசி என்றார்.

அதன்பிறகு பல் திரும்பவேயில்லை, லாரிதான் திரும்பியது. அவள் எந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தாளோ அந்தப் பக்கத்துக்கே அப்பாவுக்கு லோடு வந்தது. மேற்கே போகவேண்டிய சிமெண்ட் மூட்டைகள் இரண்டு தடவை திரும்பி வந்ததும் லாரி ஆபீஸ்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இப்போதெல்லாம் லோடு ஏற்றுமுன் வீட்டுக்கு ஃபோன் வரும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். "தெற்கே பாத்துப் படிச்சுக்கிட்டிருக்கா. எந்திரிக்கறதுக்குள்ள கிளம்பச் சொல்லுங்க."