மாட வீதி வீட்டுக்குப் பன்னிரண்டு பேர்

சுகாசினி அந்தப் பட்டியலை மூன்றாவது முறையாகப் படித்தாள். இரண்டே நாளில் பதினொரு பேரிடமிருந்து பணம் வந்திருந்தது. புனே, ஹைதராபாத், மஸ்கட், கூரம் என்று பல ஊர்கள். ஒவ்வொருவரும் சரியாக நான்கு லட்சம். கோயிலில் அவள் தினமும் பார்க்கும் பாச்சா மாமா மாட வீதியில் வாங்கப்போகும் பழைய வீட்டுக்காக, அவளுடைய ஆடிட்டர் அலுவலகம் அவர் சார்பில் கவனிக்கும் கணக்கில் விழுந்திருந்தது. பத்திரம் மட்டும் அவர் ஒருவர் பெயரில்.

“யக்கா, பணம் ஏதுன்னு அவரையே கேப்பியா?” என்றாள் உடன் வேலை செய்யும் ஜீவிதா. “நாளைக்கே வேற ஆடிட்டரைப் பாத்துக்கினு போயிடுவாரு.”

போனால் போகட்டும். ஆனால் பதில் சரியில்லை என்றால் டெல்லியிலுள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சந்தேக அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பியதை அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். அதன்பின் தினமும் கோயில் வாசலில் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், மனசுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு.

பதினொரு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

“ஏம்மா, என்னைப் பாத்தா ஹவாலா பண்றவனாட்டமா இருக்கு?”

“எல்லாரையும் கேக்கணும் மாமா.”

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார்.

“எல்லாரும் என்னோட பெருமாளை ஏளப்பண்றவா. உற்சவத்துல பல்லக்குக்குத் தோள் குடுக்க லீவு போட்டுண்டு ஓடி வரா, பத்து நாளும் லாட்ஜ்ல அல்லாடறா. அதான் சேந்து ஒரு வீடு. நான் மூத்தவன், என் பேர்லயே இருக்கட்டும்னுட்டா.”

“அப்படிச் செய்யக் கூடாது மாமா, பினாமின்னுடுவாங்க. பன்னெண்டு பேரும் பத்திரத்துல வரணும். எல்லாரோட பான், ஆதார், பணம் வந்த வழி, எல்லாம் வேணும்.”

“அவ்வளவுதானே?”

வாட்ஸ்அப் வீடியோவில் குழுவை அழைத்தார். சிலர் உடனே திரையில் வந்தார்கள். மற்றவர்களின் சம்பளச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கூரத்துக்காரர் நெல் விற்ற ரசீதை அனுப்பினார். நாற்காலியின் கையை இவ்வளவு நேரம் இறுகப் பிடித்திருந்தது சுகாசினிக்கு அப்போதுதான் தெரிந்தது.

மஸ்கட்டிலிருந்த ஸ்ரீவர்தன் மட்டும் முரண்டினான். “முன்னப்பின்ன தெரியாதவாளுக்கு பான் கார்டெல்லாம் எதுக்கு?”

“டேய், நீ யாருன்னு அவாளுக்குத் தெரியணுமாம்டா” என்றார் மாமா.

ஸ்ரீவர்தன் டையைத் தளர்த்தி, சட்டையை ஒரு பக்கம் இழுத்துவிட்டான். தோளில் பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி ஆற்றுக் கூழாங்கல் போலக் கறுத்துத் திரண்ட காய்ப்பு.

“இது ஆதாரத்துல சேராதுங்க” என்றாள் சுகாசினி. ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் சிக்னல் நின்றுவிட, அந்தத் தோள் மட்டும் திரை முழுக்க அசையாமல் நின்றது.