ரோஜாவுக்கு ஒரு ஹாரன்

பாகலூருக்குப் பக்கத்தில் கங்கப்பனின் ரோஜாப் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த சத்யப்ரியா முதலில் வாங்கிவந்தது ஒரு வெண்கல மணி. பூ கட்டும் கொட்டகையின் நடுவில் அதைத் தொங்கவிட்டு, எல்லார் கைக்கும் எட்டும்படி கயிறு கட்டினாள்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரி அவள். இதற்கு முன் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் தவறைக் கண்டாலும் கயிற்றை இழுக்கலாம். மொத்த வரிசையும் நின்றுவிடும். தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை. கேட்டால் நேரம் வீணாவதுபோல இருக்கும். ஆனால் கெட்டுப்போன பொருளின் மேல் மேலும் மேலும் உழைப்பைக் கொட்டுவதைவிட வீண் வேறில்லை.

கங்கப்பனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு அவசரமாகத் தேவைப்பட்டது. போன பிப்ரவரியில் காதலர் தினத்துக்கென்று சிங்கப்பூருக்கு அனுப்பிய ரோஜாக்களில் பாதி, போய்ச் சேரும்போது சாம்பல் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. இந்த வருஷமும் அழுகினால் வேறு பண்ணை பார்த்துக்கொள்வதாக வாங்குகிறவர் சொல்லிவிட்டார். அவர் போனால், பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களில் பாதியை மூடவேண்டியதுதான். அங்கே வேலை செய்கிற பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதுவரை, வெட்டிய பூவை எல்லாம் ஒன்றாகக் குவித்து, எல்லாவற்றையும் தரம் பிரித்து, எல்லாவற்றையும் கட்டி, கடைசியில்தான் பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு குறை கண்ணில் படுவதற்குள் அதே குறை எல்லாக் கட்டிலும் ஏறியிருக்கும். சத்யப்ரியா மேசைகளை ஒட்டிப் போட்டாள். ஒரு கட்டுக்கான பூவை மட்டும் தரம் பிரித்து, கட்டி, உறை சுற்றிப் பெட்டிக்கு அனுப்பிய பிறகே அடுத்த கட்டு. காலை டீ வருவதற்குள் முதல் பெட்டி தயாராகி நின்றது.

எல்லாம் சரி, மணியை மட்டும் யாரும் அடிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அதற்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு ரோஜா.

"என்னக்கா இது?" என்று கட்டு கட்டும் ராசாத்தியைக் கேட்டாள்.

"மணின்னா சும்மாவா மேடம்? நல்லதுக்குத்தான் அடிக்கணும். அழுகின பூவுக்கு அடிச்சா சாமி என்னா நெனைக்கும்?"

"அப்ப எதை அடிப்பீங்க?"

"எங்க வூட்டுக்காரரத்தான்," என்றாள் ராசாத்தி. கொட்டகை சிரித்தது.

பெட்டிகளைப் பெங்களூர் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர் வெள்ளைச்சாமிதான் வழி சொன்னார். பழைய டெம்போவிலிருந்து கழற்றி வைத்திருந்த ரப்பர் ஹாரனைக் கொண்டுவந்து மேசையில் திருகினார். அமுக்கினால் 'பாம்' என்று எருமை கத்துவதுபோலக் கத்தியது. இதற்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. கத்தரி மழுங்கினால் பாம், ரப்பர் பேண்டு இறுகினால் பாம். ஒவ்வொரு முறையும் வேலை நின்றது, காரணம் தேடப்பட்டது, அந்தக் குறை திரும்ப வரவில்லை.

சிங்கப்பூர்ச் சரக்கு கிளம்பும் நாள். வெள்ளைச்சாமி வேனின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அப்போது ராசாத்தி ஹாரனை அமுக்கினாள்.

"மொட்டு நனைஞ்சிருக்குது மேடம்."

ஏன் நனைந்தது? கட்டுகிற மேசை காய்ந்திருந்தது. தரம் பிரிக்கிற மேசைக்கே பூ ஈரமாகத்தான் வந்திருந்தது. அதற்கு முன்னால் வாளி. வாளித் தண்ணீரில் காம்பு மட்டும்தான் நிற்கும், மொட்டுக்கு எட்டாது. சத்யப்ரியா ஈரத்தின் பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்தாள். அங்கே முதலாளி கங்கப்பன் ஒரு கையில் சொம்பும் மறு கையில் தண்ணீருமாக நின்று, ஒவ்வொரு வாளியிலும் இருந்த பூவின் மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"வாடிடக்கூடாதுல்லம்மா? ஓசூர் மார்க்கெட்ல பூ வித்த கை இது. பெரிய பார்ட்டின்னு போன வருஷமும் நானேதான் தெளிச்சன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார்.

மார்க்கெட்டில் அது சரியான வேலைதான். திறந்த கூடையில் காற்றுப் பட்டு ஈரம் உலர்ந்துவிடும், பூவும் சாயங்காலத்துக்குள் விற்றுவிடும். மூடிய அட்டைப் பெட்டிக்குள் ஈரம் எங்கே போகும்? இதழ்களுக்கு நடுவிலேயே தங்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

"நனைஞ்சது எதுவும் போகக்கூடாதுண்ணா. காஞ்ச பெட்டிய மட்டும் ஏத்துவோம்," என்றாள் சத்யப்ரியா.

"அய்யய்யோ, பாதி வேன் காலியாப் போகுமேம்மா! லேசாத்தான் தெளிச்சன். இந்த ஒரு தடவ போகட்டும்..."

பாம்.

எல்லாரும் திரும்பினார்கள். ராசாத்தியின் கை ஹாரன் மேல் இருந்தது. "குறைய யாரு பண்ணாலும் அடிக்கலாம்னு மேடம் சொன்னாங்க," என்றாள்.

கங்கப்பன் அவளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். பிறகு சொம்பைத் தரையில் வைத்தார்.

வேன் பாதிப் பெட்டிகளோடு போனது. சரக்கு குறைவாக வருகிறதென்று சிங்கப்பூருக்குப் போன் செய்து திட்டு வாங்கியவரும் கங்கப்பன்தான். நனைந்த பூவைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு ஓசூர் மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தார். அங்கே ஆசை தீரத் தெளித்தார். எல்லாம் விற்றது.

அடுத்த வாரம் வேலை நடுவில் அவருடைய செல்போன் அடித்தது. கேட்டுக்கொண்டே கொட்டகைக்குள் ஓடிவந்தார்.

"ஒரு பூ கூட அழுகல! அடுத்த மாசத்துக்கும் கேக்கறாங்க!"

வெண்கல மணியின் கயிற்றைப் பிடித்து அவர் இழுத்த இழுப்பில், குங்குமம் வைத்த நாளிலிருந்து வாய் திறக்காத மணி கணகணவென்று கொட்டகை அதிர ஒலித்தது. அப்போதுதான் முகம் கழுவியிருந்தார் போலிருக்கிறது. தூக்கிய முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கீழே இருந்த ரோஜாக்கட்டின் மேல் விழுந்தது.

ராசாத்தி ஹாரனை அமுக்கினாள்.