குடும்ப மைல் சீட்டு

விமானத்தில் பறக்கிறவன் எல்லாம் பணக்காரன் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் திருவொற்றியூர் பக்கம் வரவேண்டும். இங்கே அழுக்கு லுங்கியோடு டீக்கடையில் நிற்கிறவனின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடம் இருக்காது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் செயின் பிளாக் போட்டுக் கனத்த இரும்பைத் தூக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். வளைகுடாவில் எண்ணெய் ஆலைகளைப் பழுது பார்க்க நிறுத்தும்போதெல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள். நாற்பது நாள் வேலை, பிறகு வீடு. வருஷத்துக்கு நாலு தடவை போவோம், நாலு தடவை வருவோம்.

நான் ஹபீபுல்லா, ஐந்து பேர் கோஷ்டிக்கு ஃபோர்மேன். கோபக்காரன் என்று பெயர், அது பொய்யில்லை. பறக்கப் பறக்க விமானக் கம்பெனி நம் பேரில் மைல் ஏற்றும், அது சேர்ந்தால் ஓசி டிக்கெட் கிடைக்கும் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்களுக்குத் தோன்றியது ஒன்றுதான். சீட்டு. ஐந்து பேர் மைலையும் ஒரே இடத்தில் போட்டு, ஆண்டுக்கு ஒருவன் பெண்டாட்டியோடு எங்காவது போய்வருவது. அதற்குத் தோதாக அந்தக் கம்பெனியில் குடும்பக் கணக்கு என்று ஒரு வசதி இருந்தது. நான் குடும்பத் தலைவன். மற்றவர்கள் என்ன உறவு என்று கேட்ட கட்டத்தில் தோஸ்து என்று ஒன்று இல்லை. தம்பி என்று போட்டுவிட்டேன். சுடலைராஜ், மேத்யூ, நீலமேகம், பீம்ராவ் நாலு பேரும் ஹபீபுல்லாவின் தம்பிகள். என் அத்தா உயிரோடு இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் பீம்ராவ் தோஹாவில் சாரத்திலிருந்து விழுந்தான். இந்த முறை அவன் மட்டும் தனியாக வேறு ஒப்பந்தத்தில் போயிருந்தான். மண்டையில் அடி, நினைவில்லை. இரண்டு நாள் தாங்கினால் பெரிது, மனைவி பார்க்க நினைத்தால் உடனே வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவனை வேலைக்கு எடுத்த கம்பெனி மத்தியானத்துக்குள் விசாவை அனுப்பிவிட்டது. டிக்கெட் எங்கள் பொறுப்பு இல்லை என்று கையை விரித்துவிட்டது. பெருநாள் லீவு நேரம். காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டின் விலை எங்கள் யாருக்கும் எட்டாது.

அவன் மனைவி மாயா வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. வாசலில் நின்றபடியே, "மைல்ல போவலாமாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

பார்த்தேன். மறுநாள் காலை பத்து மணி விமானத்தில் மைலுக்கு என்று ஒதுக்கிய இடம் இரண்டே இரண்டு இருந்தது. ஓர் இடத்துக்கு இருபத்தைந்தாயிரம் மைல். எங்கள் சீட்டில் இருந்தது இருபத்தோராயிரம். போன மாதம்தான் சுடலைராஜ் தன் முறையை எடுத்து, மனைவியோடு துபாய் போய் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று போட்டோ அனுப்பியிருந்தான்.

விமானக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டு, நாலாயிரம் மைலை எப்படி வாங்குவது என்று கேட்டேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். வேறு உறுப்பினர் தன் மைலை மாற்றித் தரலாம், ஆனால் வந்து சேர மூன்று நாள். கிரெடிட் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றலாம், அதற்கு ஒரு வாரம். காசு கொடுத்து ஆயிரம் ஆயிரமாக வாங்கினால் உடனே ஏறும், ஆனால் வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு வேண்டும். என்னிடம் இருந்தது ரேஷன் கார்டும் ஏ.டி.எம். கார்டும்தான்.

மாயா கம்மலைக் கழற்றினாள். வேண்டாம் என்று திட்டினேன். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள். ராயபுரத்தில் டிக்கெட் கடை வைத்திருக்கும் ஜெகதீசனிடம் ஓடினேன். அவன் கம்மலை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டு, தன் கார்டில் நாலாயிரம் மைல் வாங்கி எங்கள் கணக்கில் ஏற்றினான். வீடு திரும்பி, இருபத்தைந்தாயிரம் ஆயிடுச்சு என்று நான் சொன்ன பிறகுதான் மாயா உட்கார்ந்தாள்.

டிக்கெட்டுக்கான பொத்தானை அழுத்தினேன். கணக்கு சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது.

மறுபடி போன். அதே பெண்தான். யாரோ ஒருவர் கார்டில் மைல் வாங்கியதால் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம், குடும்பத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மேத்யூவுக்கு வந்தபோது குரல் தயங்கியது. நாலு பேரும் கூடப் பிறந்தவர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரேஷன் கார்டு அல்லது பிறப்புச் சான்றிதழ் அனுப்புங்கள், ஐந்து வேலை நாளில் முடிவு தெரியும் என்றாள். கத்தினேன். இந்த உரையாடல் பதிவாகிறது சார் என்றாள். அப்புறம் கெஞ்சினேன். நாற்பது டன் கொதிகலனைத் தூக்கும்போது இன்ஜினியரையே அதட்டுகிறவன், முகம் தெரியாத பெண்ணிடம், எங்கள் மைல் மொத்தத்தையும் பிடுங்கிக்கொள், இந்தப் பொண்ணை மட்டும் ஏற்றிவிடு என்று கெஞ்சினேன். அவள் குரலும் இறங்கிப்போயிற்று. தன்னால் திறக்க முடியாது என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். கார்டு யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல், இருந்ததையும் நானே பூட்டிவிட்டேன்.

இதற்குள் நீலமேகம் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டில் அவன் மைல் மட்டும் எப்போதும் சோதாவாகத்தான் இருக்கும். டிக்கெட் போடும்போது ஏஜெண்ட் நம்ம கணக்கு நம்பரைப் போட மறந்துவிட்டான் என்பான் ஒவ்வொரு தடவையும். நீ ஒழுங்காகப் போட்டிருந்தால் வாங்கவே வேண்டியிருக்காது, பூட்டே விழுந்திருக்காது என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

"பாய், என்கிட்ட தனியா ஒரு கணக்கு கீது," என்றான். "வேற நம்பரு. அதுல இருவத்தெட்டாயிரம் கீது."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் ஏன்டா என்று கேட்டேன்.

"சீட்டுல என் முற கடசீல வருது. அதுக்குள்ள நீ ஓடிட்டினா இன்னா பண்றது? எங்கம்மா கட்ன சீட்டு மூணும் அப்டித்தான் பூட்ச்சு."

நாற்பதடி உயரத்தில் என் கையில் இருக்கும் கயிற்றை நம்பித் தொங்குகிறவன், மைல் விஷயத்தில் என்னை நம்பவில்லை. பீம்ராவ் விழுந்த சேதி கேட்டபோது கூட எனக்கு இப்படி நெஞ்சு அடைக்கவில்லை. அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன். அறைவதற்குக் கையை ஓங்கிவிட்டேன்.

"அப்பறமா அட்ச்சுக்கோண்ணா," என்றாள் மாயா. "எடம் கீதான்னு பாரு."

ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. நீலமேகம் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். அந்தக் கணக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒழுங்காகச் சேர்த்த சீட்டு பூட்டிக் கிடக்க, ஒளித்து வைத்த மைலில் டிக்கெட் வந்து விழுந்தது. மாயா தன் போனில் வந்ததை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்தாள். ஒரு பையில் துணி வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

நீலமேகம் அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"இது போறதுக்கு மட்டுந்தான். வர்றதுக்கு நாங்க எல்லாருமா சேந்து போட்டு வாங்கிக்கிறோம். எத்தினி பேருக்குப் பாக்கட்டும் பாய்?"

பீம்ராவ் உட்கார்ந்து வந்தாலும் சரி, பெட்டியில் வந்தாலும் சரி, அவனை அனுப்புகிற செலவு வேலை கொடுத்த கம்பெனியுடையது. அது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"ரெண்டு பேருக்குப் பாரு," என்றாள் மாயா.

நீலமேகம் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பயணிகள் எத்தனை பேர் என்ற இடத்தில் அவன் இரண்டு என்று போட்டான்.