வளையத்துக்கு வெளியே

ஒரு பக்கம் பிய்ந்த வளையமாகத் திரையில் மிதக்கிறது, எப்போதோ வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் புகை, இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது, நடுவில்தான் இருக்க வேண்டும் என்கிறார் அவர், என்கிறார் என்றா சொன்னேன், சொன்னார், என் கணவர் ஆரோக்கியநாதன், வெடித்ததில் மிஞ்சிய கரு ஓர் ஊரளவு உருண்டையாக இறுகிச் சுழல்கிறது, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு ரேடியோத் துடிப்பு வரும், அந்தத் துடிப்பைத்தான் நீலகிரிச் சரிவில் இருக்கும் இந்தத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கல்யாணமான புதிதிலிருந்து தேடினோம், ரேடியோவுக்குப் பகலென்ன, பனியென்ன, ஜன்னலுக்கு வெளியே மலையே காணாமல் போயிருக்கும், உள்ளே இவர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு, நடுவுலயே பாரு, பொறந்த வீட்டை விட்டு எங்க போயிடும் என்பார், அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, வெடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கருவை உதைத்துத் தள்ளியிருக்கும், வளையத்தைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், மழை முடியட்டும், வெளியே தேடுவோம் என்றார், மழை முடியும் முன்னே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுபோனது.

அதற்குப் பிறகும் நான் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கடைசியாகத் திருப்பிவைத்த இடம் அது, அங்கிருந்து நகர்த்தினால் அவரை விட்டுவிட்டுப் போவது போல இருந்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே பார்க்கிறேன், பார்த்தேன், கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் போஜன் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை மேசையில் எடுத்து வைப்பார், ஒரு மத்தியானம், பனி கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தபோது, ஏனென்று தெரியவில்லை, மேற்கே திருப்புங்க போஜன், வளையத்துக்கு வெளியே என்றேன், அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பினார்.

சில வாரங்கள் வெறும் இரைச்சல், பிறகு இரைச்சலுக்குள் ஒரு கூர்மை, மறுநாளும் அதே கூர்மை, அதே இடைவெளி, ஸ்பீக்கர்ல போடட்டுமாக்கா என்றார் போஜன், போடுங்க என்றேன், டொக், டொக், டொக், யாருமில்லாத இடத்தில் ஓடிக்கொண்டே கதவைத் தட்டுவது போல, என் கழுத்து தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது, பக்கத்து நாற்காலியில் அவர் ஸ்வெட்டர் கூட இல்லை, ஏங்க, கேக்குதா என்கிறேன், வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் போஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேக்குதுக்கா என்றார், நான் கேட்டது தன்னை இல்லை என்று போஜனுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார், நான் திரும்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.