இதரப் பணிகள், நானூற்றுப் பன்னிரண்டு

நாட்டின் கடன் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். வீட்டில் கேஸ் எப்போது தீரும் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். பதினோரு வருடமாக வாரம் இரண்டு நாள் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்து கத்தியதில் தெருவே அவரை 'நிபுணர்' என்று கூப்பிட்டது. அது கிண்டல் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

விவாதத்தில் அவருக்கு ஒரே பாட்டுதான். "வரவுக்கு மேல செலவு. செலவைக் குறைச்சே ஆகணும்." எந்தச் செலவை என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். ஆளுங்கட்சிக்காரர் இது போன ஆட்சி வாங்கிய கடன் என்பார். எதிர்க்கட்சிக்காரர் இல்லை, இந்த ஆட்சி வாங்கியது என்பார். இவர் இரண்டு பேரையும் திட்டுவார். முடிந்ததும் மூவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போவார்கள்.

புதிதாக வந்த நெறியாளர் பெண்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தாள். "சரி சார், எதைக் குறைக்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

நிபுணருக்கு வியர்த்துவிட்டது. முன்னால் கிடந்த பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டினார். ஓய்வூதியம் என்றிருந்தது, மாமனார் வாங்குகிறார். உதவித்தொகை என்றிருந்தது, மகள் வாங்குகிறாள். உர மானியத்தில் கை வைத்தால் அண்ணன் சும்மா விடமாட்டார். கடைசியில் மருத்துவத் துறைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'இதரப் பணிகள், தற்காலிகம்: 412 பணியிடங்கள்.' இதர என்றால் நமக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தார். அந்த வரியில் விரலை வைத்து ஓங்கிப் படித்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

மூன்று வாரத்தில் அரசு சுற்றறிக்கை வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் அவர் மனைவி. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களைப் பிடித்து நடக்கப் பழக்குவது அவள் வேலை. அரசு மருத்துவமனை, ஒன்பது வருடம்.

"என்னங்க, இதரப் பணிகள்னா யாருன்னு தெரியுமா?"

"யாராவது எடுபிடி ஆளுங்களா இருக்கும்."

"நான்தான்."

ஒன்பது வருடத்தில் அவள் வேலைக்கு அரசாங்கம் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. நிரந்தரமா தற்காலிகமா என்றுகூடக் கேட்டதில்லை. நாட்டுக் கணக்கை வரி வரியாகப் படித்தவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பழக்கப்பட்ட இடமாக இருந்திருக்கும். "மாசக் கடைசியோட நிறுத்துறாங்க. எங்கிட்ட மட்டும் இருபத்தாறு பேர் நடக்கப் பழகுறாங்க. பாதியில விட்டா திரும்பப் படுத்துடுவாங்க. சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லுங்க."

அடுத்த விவாதத்தில் சொன்னார். "நான் சொன்னது தப்பு. யாரு, என்னன்னு பார்க்காம விரலை வெச்சுட்டேன். அந்த வரியில என் மனைவியும் இருக்காங்க."

"ஓ, வீட்டம்மா வேலைக்கு ஆபத்துன்னதும் நாட்டுக் கடன் தீர்ந்துபோச்சா சார்?" என்றார் எதிர்க்கட்சிக்காரர். ஆளுங்கட்சிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நிபுணருக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

நான்கு நாளில் திருத்திய உத்தரவு வந்தது. நிபுணர் சுட்டிக்காட்டியதன்பேரில் ஒரு பணியிடம் மட்டும் நீட்டிக்கப்படுகிறதாம். மீதி நானூற்றுப் பதினொன்றும் ரத்து. நிபுணர் சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் ஓடி மனைவிக்குப் போன் போட்டார்.

"மத்தவங்க?" என்றாள்.

"உன் வேலை தப்பிச்சுடுச்சுல்ல?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

சாயங்காலம் அவள் பெரிய அட்டைகளோடும் கறுப்பு மையோடும் வந்தாள். கூடத்துத் தரையில் பரப்பினாள். "நாளைக்குக் காலைல எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம். உங்க கையெழுத்துதான் தூரத்துல இருந்தும் தெரியும். உட்கார்ந்து எழுதுங்க."

"நீயுமா நிக்கப் போற? மிச்சம் வெச்சதையும் பிடுங்கிடுவாங்கம்மா!"

"பிடுங்கட்டும். நானூத்திப் பன்னிரண்டுன்னு எண்ணிச் சொன்னது நீங்கதானே. இப்ப என்ன ஒண்ணைக் கழிக்கிறீங்க?"

நிபுணர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "என்ன எழுதணும்?"

"'நிபுணர் பரிந்துரை ஒழிக'ன்னு எழுதுங்க. பெருசா."

எழுதினார். முதல் அட்டையில் 'நிபுணர்' கொஞ்சம் சிறியதாக வந்துவிட்டது. அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு அட்டையை நீட்டினாள். இந்த முறை நன்றாகப் பெரிதாக எழுதினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரும் ஓர் அட்டையோடு போய் நின்றார். ஒருத்தர் கையிலிருந்த அட்டையிலும் அவரை வரவேற்கிற மாதிரி எதுவும் இல்லை. நடக்கப் பழகுகிற பெரியவர் ஒருவர் கோலை ஊன்றியபடி வரிசைக்கு வந்தார். தடுமாறி, கைக்குக் கிடைத்த நிபுணரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கனத்தை நிபுணர் எதிர்பார்க்கவில்லை. கால்களை அகட்டி வைத்துத் தாங்கினார்.

"தம்பி, யாருப்பா அந்த நிபுணர்? கட்டையில போறவன், நல்லா இருப்பானா?" என்றார் பெரியவர்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். நிபுணர் அட்டையை இன்னும் உயரமாகப் பிடித்தார்.

"இங்கதான் ஐயா இருக்கேன். திட்டுறதை நடந்துக்கிட்டே திட்டுங்க, இல்லேன்னா நடக்கிற பழக்கம் விட்டுப்போயிடும்."