பங்காளி அப்ரண்டீஸ்

அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்கூல் ஃபைனல் தேறியவனுக்கு வேலை கிடைக்காது. அப்ரண்டீஸ் இடம் கிடைக்கும். சம்பளம் கிடையாது. சர்க்கார் ஆபீஸில் ஒரு குமாஸ்தாவின் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் எழுதுவதைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டு, அவர் ரிட்டயராகவோ சாகவோ காத்திருக்க வேண்டும். ரிட்டயரானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாரும் வயதைக் குறைத்துக் கொடுத்துச் சேர்ந்தவர்கள். ஆபீஸ் கணக்குப்படி எங்கள் குமாஸ்தா சாம்பசிவய்யர் தம் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவர்.

அவர் பின்னால் மூன்று பேர். முதலில் ஸ்ரீவராகம் சுப்பு. அடுத்து நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன் வேதமாணிக்கம். கடைசியில் நான். வரிசைப்படி நாற்காலி சுப்புவுக்கு. அதை நம்பித்தான் அவன் அம்மா நாகலக்ஷ்மி, புருஷன் போனபின் மூன்று வீட்டில் சமைத்து அவனை வளர்த்தாள்.

சுப்பு பெஞ்சுக்கு வந்ததே ஒரு பொய்யால். சாம்பசிவய்யர் வெளியாளுக்கு மைக்கூட்டைக்கூடக் காட்டமாட்டார். கோத்திரமும் பூர்வீக ஊரும் ஒன்றாக இருக்கவே, நாகலக்ஷ்மி துணிந்து சொல்லிவிட்டாள்:

"உங்க கொள்ளுத்தாத்தாவும் எங்காத்துக் கொள்ளுத்தாத்தாவும் அண்ணா தம்பி. இவன் உங்க பங்காளி."

பிள்ளையில்லாத சாம்பசிவய்யர் சுப்புவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நாளைக்கே வரட்டும்" என்றார். அன்றிலிருந்து அவர் பெரியப்பா, அவர் மனைவி லலிதாம்பாள் பெரியம்மா.

நாலு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாம்பசிவய்யர் பேனாவைப் பிடித்தபடியே செத்துப்போனார். மத்தியானம் வரை யாருக்கும் தெரியவில்லை. வேலை வழக்கமான வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. இடையில் ஒருத்தர் மனு கொடுத்துவிட்டு, இன்றைக்கு ஐயர் எரிந்து விழவில்லை என்று சந்தோஷமாகப் போனார்.

ஹெட் கிளார்க் பூதலிங்கம் பிள்ளை முதலில் தம் தலையில் கைவைத்தார். பிறகு அந்த நாற்காலியில் கைவைத்தார்.

"சுப்பு, கேட்டோ. செலவு குறைக்கணும்னு மேலே உள்ளவன் கத்தியும் கையுமா இருக்கான். காலிக் கசேரயைக் கண்டா வெட்டிக்களையும். நாளைக் காலத்தே பத்து மணிக்கு நீ இதில இருக்கணும். இல்லேங்கில் அடுத்தவன்."

"இருப்பேன் சார்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சுப்பு சிரித்தான். பிணத்தின் முன்னால் என்பதால் உடனே நிறுத்திக்கொண்டான். அப்போதுதான் வேதமாணிக்கம் மெதுவாகக் கேட்டான்:

"அய்யரே, ஒமக்குத் தீட்டு உண்டுமில்லா?"

பங்காளி செத்தால் பத்து நாள் தீட்டு. ஆபீஸ் வாசலை மிதிக்கக்கூடாது. செத்தவருக்குப் பிள்ளை இல்லையென்றால் கொள்ளி வைப்பதும் பங்காளிதான். சுப்புவின் முகம் பெரியப்பாவின் முகத்தைவிட மோசமாகப் போயிற்று.

மாட்டுவண்டியில் பிணத்தை நானும் சுப்புவும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். "பங்காளி இல்லேன்னு சொல்லிடறேன்டா" என்று வழி முழுக்க என்னிடம் சொன்னான். பெரியப்பாவிடமும் சொன்னான். அவர் ஆட்சேபிக்கவில்லை. வண்டி குலுங்கியபோது தலையாட்டினார்கூட.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. வாத்தியார் நெருப்புச் சட்டியோடு தயார், நாவிதரும் தயார். நாகலக்ஷ்மி, லலிதாம்பாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுப்பு குனிந்தான். "பெரியம்மா, அம்மா அன்னிக்குச் சொன்னது..."

"பொய். தெரியும்" என்றாள் லலிதாம்பாள். அழுது கரகரத்த தொண்டை, ஆனால் நிதானம். "அவரோட கொள்ளுத்தாத்தா ஒத்தைப் பிள்ளை. அண்ணாவும் இல்லை, தம்பியும் இல்லை. நீங்க வந்துட்டுப் போனப்புறம் அவர் ஒரு நாழி சிரிச்சார்."

"அப்புறம் ஏன் என்னைச் சேர்த்துண்டார்?"

"இதுக்குத்தான். நாலு வருஷமா உனக்குச் சொல்லிக் கொடுத்தாரே, எதுக்குன்னு நெனச்சே?"

"நாளைக்கு நான் போகலேன்னா நாற்காலி போயிடும் பெரியம்மா."

"நீ போனா அவர் அனாதைப் பிணம்." அவள் தெருவைக் காட்டினாள். "பங்காளி இல்லேன்னு சொல்லணுமானா உரக்கச் சொல்லு. உங்கம்மா புளுகினான்னும் சேர்த்துச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நாகலக்ஷ்மி தரையைப் பார்த்தாள். சுப்பு வாயைத் திறந்தான். நாவிதர் அவன் தலையில் தெளித்த தண்ணீர்தான் வாய்க்குள் போயிற்று.

மறுநாள் பத்து மணிக்கு வேதமாணிக்கம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்து சுப்பு மொட்டைத் தலையோடு வந்தான். பெஞ்சில் அவன் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேதமாணிக்கம் பதறி எழுந்தான். பூதலிங்கம் பிள்ளை ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். இனி சுப்பு அவன் முதுகுக்குப் பின்னால். இப்போது சோறு போட வேண்டிய விதவைகள் இரண்டு. நாகலக்ஷ்மி நாலாவது வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

வேதமாணிக்கத்துக்கு வயது இருபத்தொன்று. கெட்டியான வம்சம். அவன் தாத்தா தொண்ணூறு வயதில் பனையிலிருந்து விழுந்ததில் சேதம் பனைக்குத்தான்.

சாயங்காலம் வேதமாணிக்கம் ஒரு தரம் இருமினான். சுப்பு சட்டென்று தலை நிமிர்ந்தான்.

"தூசி அய்யரே" என்றான் வேதமாணிக்கம், மன்னிப்புக் கேட்பவன் மாதிரி. "வேற ஒண்ணுமில்ல."