மறுப்பு வராத பட்சத்தில்

அருள்வாக்குக் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள்: முன்வரிசையில் தங்கநிறக் கைப்பட்டை கட்டிய ஒன்பது பேர், மெத்தை நாற்காலிகளில். அவர்களுக்குப் பின்னால் வெள்ளிப்பட்டைக்காரர்கள், பெஞ்சுகளில். கயிற்றுக்கு இப்பால் பச்சைப்பட்டைக்காரர்கள், கால்மாற்றிக் கால்மாற்றி நின்றபடி. அந்தக் கடைசிக் கும்பலில் தூணுக்கு வலப்பக்கம் அக்கா, தூணில் சாய்ந்து அக்காவின் மகள். இருவருக்கும் நடுவில், சாய்ந்துகொள்ள எதுவும் கிடைக்காமல், காற்புள்ளி. மேடையில் ஒரு காலி ஆசனம், ஒரு பெரிய திரை.

காற்புள்ளி என்பது அலுவலகத்தில் விழுந்த பெயர். கடிதப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவர். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதத்தையே, "இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கிறது" என்று குறிப்பு வைத்துத் திருப்பி அனுப்பியவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், பெயர் ஓய்வு பெறவில்லை.

இந்த மாதிரி இடங்கள் என்றாலே அவருக்கு வேப்பங்காய். வந்ததற்கு ஒரே காரணம் அக்காவின் வலக்கண். இடக்கண் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. இருந்த ஒன்றிலும் இப்போது விழித்திரை கிழிந்துவிட்டது. டாக்டர் வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, "இதுக்கு மேல தள்ளினா பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்று திங்கட்கிழமை.

அக்காவோ ஒற்றைக்காலில் நின்றாள். "பெரியவர் சரின்னா படுக்கிறேன். அவர் வேண்டாம்னா கண்ணு போனாப் போகட்டும்." தினமும் விடியற்காலையில் வாக்குச் சொல்லும் அந்தப் பெரியவர் போனில் பேசுவதைக் கேட்காமல் அவள் பல் விளக்குவதில்லை. ஆக, எதையும் நம்பாத மனுஷன், 'செய்துகொள்' என்ற ஒரே சொல்லுக்காக அவரிடமே வந்து கை கட்டி நிற்க வேண்டியதாயிற்று. 

காலை ஆறு மணிக்கு வாசலில் இறங்கினார்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை, செருப்பு விட ஒரு வரிசை, கைப்பட்டை கட்ட இன்னொரு வரிசை. கடையைச் சுற்றாமல் கூடத்துக்குப் போக வழியே கிடையாது. கடையில் மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகளை அடுக்கி 'மலைக்காற்று' என்று ஒட்டியிருந்தார்கள்.

"திறந்தா காத்து போயிடாதா?" என்று கேட்டார் காற்புள்ளி.

"திறக்கக் கூடாது சார். சும்மா வச்சுக்கணும்."

"வெளியே அதே காத்து சும்மா வீசுதே?"

"அது பொதுக்காத்து சார்" என்றார் கடைக்காரர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கடை முடியும் இடத்தில் வாக்குப் படிவம் கொடுத்தார்கள். அக்காவுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும். அதனால் அவர்தான் நிரப்பினார். பெயர், வயது, கைப்பட்டையின் நிறம். நான்காவது கட்டத்தில் 'குறை' என்று அச்சடித்திருந்தது. அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது. அக்கா இரண்டு தடவை தலைசுற்றி மகள் தோளைப் பிடித்திருந்தாள். ஆயுசு முழுக்கப் பொதுமக்கள் குறைகளுக்குப் பதில் எழுதிய கை அது. யோசிக்கவே இல்லை. 'காலை ஆறு மணி முதல் நிற்கவைக்கப்பட்டுள்ளோம். முதியோருக்கு இருக்கை இல்லை. உடனடி நடவடிக்கை தேவை' என்று எழுதி, அடிக்கோடும் இட்டார். கேள்விக்கு இடம் எங்கே என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். காணோம். நேரில்தான் கேட்பார்கள்போல என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

நேரில் யாரும் வரவில்லை. பெரியவர் பயணத்தில் இருக்கிறாராம். திரையில் பழைய பேச்சு ஒன்று ஓடி முடிந்ததும், சீருடைப் பெண் ஒருத்தி ஆளுக்கொரு சீட்டு நீட்டிக்கொண்டே வந்தாள். அக்காவின் சீட்டை மகள் வாங்கி வாசித்தாள்: "அவசரப்படாதே. பொறுத்திரு. உன்னை வாட்டுவது தானே விலகும்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியாடா? தானே விலகுமாம். டாக்டருக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிடு."

காற்புள்ளி, "ஒரு நிமிஷம் இரு" என்று கயிற்றைத் தாண்டி முகப்பு மேசைக்கு ஓடினார். அங்கிருந்த பெண் பொறுமையாகப் படிவக் கட்டைப் புரட்டி, அவருடையதை எடுத்தாள்.

"சார், நீங்க நாற்காலி கேட்டிருக்கீங்க."

"அது புகாரும்மா! குறைன்னு போட்டிருந்ததே?"

"குறைன்னா மனக்குறை, உடல் குறை சார். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. நீங்க எழுதினதைத்தான் பெரியவர் முன்னால வச்சோம்."

"அவர் பயணத்தில இருக்காருன்னீங்க?"

"பயணத்திலயும் வைப்போம் சார்."

"சரி, புகார் எங்க குடுக்கணும்?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "இங்க யாரும் புகார் குடுத்ததில்லையே சார்."

மறுபடி கேட்க வேண்டுமென்றால் அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்து. இல்லையென்றால் கடிதம் எழுதலாம். "மூட்டை மூட்டையா வருது சார், பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றாள்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா! நாற்காலியா கேட்டீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. "கண்ணைப் பத்திக் கேளுன்னு கூட்டிட்டு வந்தா, உக்கார இடம் கேட்டிருக்கே. முப்பத்திநாலு வருஷம் என்னத்தடா எழுதிக் கிழிச்சே?"

 மூவரும் வெளியே வந்து, சாலையைத் தாண்டி எதிரே இருந்த தபால் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அக்கா, "அப்ப அவர் என் கண்ணுக்கு வேண்டாம்னு சொல்லல" என்றாள்.

"சொல்லல."

"சரின்னும் சொல்லல."

"அக்கா, அச்சடிச்ச சீட்டு அது! உனக்கும் அதான், பக்கத்து ஆளுக்கும் அதான்! வியாழக்கிழமையை விட்டா—"

"கத்தாதே. கண்ணுதான் போகப்போகுது, காது நல்லாத்தான் இருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேக்காம நான் படுக்க மாட்டேன். பயமா இருக்குடா. உனக்கு அது புரியாது."

புரியாமல் இல்லை. அந்தப் பயத்தைப் போய் இந்த ஆளிடம் கொண்டுவந்து வைக்கிறாளே என்பதுதான் அவருடைய ஆற்றாமை. இதற்கு மேல் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று தோன்றியது. பையிலிருந்து தாளை எடுத்து, தொடைமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, அலுவலகக் குரலில் வாசித்தார்:

"பொருள்: வலக்கண் அறுவை சிகிச்சை குறித்து. மேற்படி சிகிச்சை வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு நடைபெறவுள்ளது. தங்களுக்கு மறுப்பு ஏதும் இருப்பின், புதன் மாலை ஐந்து மணிக்குள் கீழ்க்கண்ட தொலைபேசி எண்ணில் தெரிவிக்க வேண்டுகிறோம். மறுப்பு வராத பட்சத்தில், தங்கள் சம்மதம் பெறப்பட்டதாகக் கருதப்படும்."

"கருதப்படும்னா?"

"பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்குவோம்னு அர்த்தம்."

அக்கா கையை நீட்டித் தாளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பதில் வராதுன்னு தெரிஞ்சுதானே எழுதறே?" என்றாள்.

எந்த விஷயத்துக்கும் வளைத்து நெளித்து வாசகம் அமைக்கத் தெரிந்தவருக்கு இதற்கு ஒன்றும் அமையவில்லை. "ஆமா" என்றார்.

"வந்துட்டா? வேண்டாம்னு வந்துட்டா?"

மகள் அவரையே பார்த்தாள். அவர் பேனாவை மூடினார். "வந்தா நீ சொல்றபடி. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப ஒழுங்கா எழுது. மேலே 'உயர்திரு' எங்கே? கீழே 'பணிவுடன்'னு போடு. அதென்ன, அடியில இன்னொரு பத்தி இருக்கு? இவ வாசிக்காமலே எனக்குத் தெரியும். காத்துக் குப்பியைப் பத்தித்தானே? அடி அதை."

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். அடித்தல் திருத்தலோடு ஒரு தாள் தன் கையிலிருந்து வெளியே போவதை அவரால் தாங்க முடியாது. புதுத்தாளில் முழுவதையும் மறுபடி எழுதினார், 'பணிவுடன்' உட்பட. அந்தச் சொல்லை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது. அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தார். கோணலாக, ஆனால் முழுப் பெயரும் விழுந்தது.

தபால் எழுத்தர் முகவரியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக நோக்கினார். "எதிர்ல தெரியுதே, அந்தக் கட்டடமா? நடந்துபோய்க் குடுத்துடலாமே சார்."

"பதிவுத் தபால். ஒப்புகை அட்டையோட" என்றார் காற்புள்ளி. "நாளைக்குக் கிடைச்சுடுமா?"

"காலையில முதல் நடையிலயே."

உறையின் மடிப்பில் பசையைத் தடவி, ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் மூன்று தடவை அழுத்தித் தேய்த்து நீட்டினார். எழுத்தர் முத்திரையைக் குத்தி, பின்னாலிருந்த சாக்குப்பைக்குள் உறையைப் போட்டார்.